யாரும் தொடாத அலமாரி

மஸ்கட்டிலிருந்து குளச்சலுக்கு வருகிறவர்கள் கல்யாணத்துக்கு வருவார்கள், அடக்கத்துக்கு வருவார்கள், புது வீட்டில் பால் காய்ச்ச வருவார்கள். நான் ஒரு புத்தகம் படிக்க வந்தேன். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். “ஏன் மக்கா, அங்க பொஸ்தகம் கெடைக்காதா?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பெட்டிக்குள் வேறு ஏதோ கொண்டுவந்துவிட்டு மறைக்கிறேன் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

அது சரியாகச் சொன்னால் புத்தகம்கூட இல்லை. கடற்கரை ஊர்களிலிருந்து தலையில் மீன் சுமந்து உள்நாட்டுக்கு விற்கப்போகும் பெண்களைப் பற்றி, முன்னொரு காலத்தில் ஒரு மாணவி எழுதிய கள ஆய்வேடு. தட்டச்சுப் பிரதி, பச்சைக் காலிகோ அட்டை. மார்த்தாண்டத்துக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அதன் ஒரே பிரதி இருக்கிறது. என் முனைவர் பட்ட ஆய்வும் அந்தப் பெண்களைப் பற்றியதுதான். அவர்கள் பயணம் போகும் விதம், அவர்களுக்காக நிற்கும் பஸ், நிற்காத பஸ். இந்த முன்னாய்வைப் பார்க்காமல் எழுதியிருக்கிறாய் என்று ஒரு அத்தியாயம் திரும்பி வந்துவிட்டது. அதில் பேசியிருக்கும் பெண்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. நானே போய்க் கேட்கவும் வழியில்லை.

சனிக்கிழமைக்குள் திருத்திய அத்தியாயம் நெறியாளர் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் என் பதிவு காலாவதி. கல்யாணத்துக்கு ஒரு நீட்டிப்பு, ஜெனி பிறந்தபோது ஒன்று, மஸ்கட் போனதற்கு ஒன்று என்று வாங்கியாகிவிட்டது. இனிமேல் கேட்கக் காரணமும் இல்லை, முகமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை திரும்பும் விமானம். என் கையில் இருந்தது ஐந்து நாள்.

மூன்று வயது ஜெனியைப் பார்த்துக்கொள்ள என் கணவரின் அக்கா பிலோமினா மைனி கூட வருவதாகச் சொன்னார். மைனியின் வாய்க்கு குளச்சல் மீன் ஏலக்காரர்களே வழி விடுவார்கள். “நீ படி. நான் பிள்ளைய எடுத்துக்கிட்டு வெளிய இருக்கேன். படிச்ச பிள்ளைகளுக்குக் காவல் இருக்கியதுக்கும் ஒரு ஆளு வேணும்லா” என்றார். அதில் கேலி எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று இந்த நாலு வருடத்தில் என்னால் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை.

திங்கட்கிழமை காலை குளச்சல் பஸ் நிலையத்தில் மார்த்தாண்டம் பஸ் உள்ளே திரும்பும்போதே கூட்டம் கூடவே ஓடியது. மைனி ஜெனியின் ரோஸ் துண்டை என் தோளிலிருந்து உருவி, ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாக ஒரு இருக்கையில் வீசினார். நாங்கள் ஏறியபோது ஒருவர் அந்தத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, “இது யாருக்க துண்டு?” என்று கேட்டார்.

“எனக்க துண்டுதான். அதுல பேரு எழுதி ஒட்டணுமா ஒமக்கு?”

அவர் துண்டை நீட்டிவிட்டு எழுந்துவிட்டார். எனக்குத்தான் கூச்சம். மஸ்கட்டில் பஸ் ஏறுவதற்கு வரிசை உண்டு. யாரும் யாருக்காகவும் இடம் பிடிப்பதில்லை. மைனி காதோடு சொன்னார்: “நீ வெக்கப்பட்டுக்கிட்டு நின்னா இருக்கியவன் இருந்துக்கிட்டே போவான்.”

பின் இருக்கையில் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் இருவர். குளச்சலில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவர்கள், ஜவுளி எடுக்க மார்த்தாண்டம் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது. எனக்கு மலையாளம் தெரியாது என்று நினைத்துக்கொண்டு ஒருத்தி சொன்னாள்: “அந்தக் குழந்தை எவ்வளவு மெலிந்திருக்கிறது பார். தாய் பையில் எத்தனை பேனா!” மற்றவள் சொன்னாள்: “படித்தவளாக இருப்பாள், பாவம்.” அந்தப் பாவம் எனக்கா குழந்தைக்கா என்று கருங்கல் தாண்டும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஜெனி காலையில் தின்ற புட்டும் பழமும் என் மடியில் வந்துவிட்டன. அந்த மலையாளப் பெண்கள்தான் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே பஸ் கிடந்த நேரத்தில் ஒரு அத்தியாயம் எழுதியிருக்கலாம். அங்கே இறங்கி மலைப்பக்கம் போகும் பஸ்ஸுக்கு நின்றோம். ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டே வேகம் எடுத்துப் போனது. என் ஆய்வில் நான் எழுதிய பஸ் அது. எழுதும்போது இருந்த தெளிவு, குழந்தையும் பையுமாக நிற்கும்போது இல்லை.

நூலகம் பெரிய கட்டடம். சுற்றிலும் ரப்பர் மரங்கள். வாசலில் காவலாளி ஜெனியைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார். குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. மஸ்கட்டில் நான் போகும் நூலகத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு மூலை உண்டு, மெத்தை உண்டு, அழுதாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். மைனி முந்திக்கொண்டார்: “சாரமில்ல. நாங்க கேண்டீன்ல இருக்கோம். நீ வெப்ராளப்படாத, போ.” வெப்ராளம் என்பது எங்கள் ஊரில் பதற்றத்துக்குப் பெயர். என் பிறவிக் குணம் அதுதான் என்பது மைனியின் கருத்து.

வெளியாள் அனுமதிச் சீட்டு வாங்கவே மதியமாகிவிட்டது. உதவி நூலகர் நல்ல மனிதர். ஆய்வுத் தலைப்பைக் கேட்டதும் கணினியில் தட்டி, நான் படிக்க வேண்டியவை என்று ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தார். கடல்மீன் உயிரியல் மூன்று. பனிக்கட்டிப் பதனம் ஒன்று. போக்குவரத்துப் பொருளாதாரம். மகளிர் மேம்பாடு. “மீன், பஸ், பெண்கள். மூணும் கவர் ஆயிட்டு பாருங்க” என்றார். மறுக்க மனம் வராமல் வாங்கிப் பையில் வைத்தேன்.

நான் தேடி வந்தது இரண்டாம் மாடியின் கோடியில், வட்டார ஆய்வுப் பிரிவில் இருந்தது. எங்கள் மாவட்டத்தைப் படிக்க விரும்புகிற யாரும் அந்தப் பிரிவுக்குப் போக வேண்டும். அச்சாகாத ஆய்வேடுகள் இருக்கின்றன. பழைய குளங்களின் வரைபடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட, பங்குக் கோவில்களும் சபைகளும் நூற்றாண்டு விழாவுக்குப் போட்ட மலர்கள் ஒரு அலமாரி முழுக்க இருக்கின்றன. மலரின் முன்பக்கங்களில் ஆயர்களின் வாழ்த்துரை. அதைத் தள்ளிவிட்டுப் பின்பக்க விளம்பரங்களுக்குப் போங்கள். வலைக்கடை, ஐஸ் ஆலை, வளைகுடா விசா ஏஜென்சி, பிறகு கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் நினைவுப் படங்கள். ஒரு ஊர் எதை விற்றது, யாரைப் பறிகொடுத்தது என்று அந்தப் பக்கங்களில் தெரிகிறது. ஒன்றைப் புரட்டிக்கொண்டு நின்றதில் எனக்கு நேரம் போய்விட்டது. அப்படி நின்றிருக்கக் கூடாது என்று பிறகு பல தடவை நினைத்தேன்.

பச்சை அட்டை ஆய்வேடு மூன்றாவது அடுக்கில், எனக்காகவே வைத்தது போல இருந்தது. நகல் எடுக்கக் கூடாது, போனில் படம் பிடிக்கக் கூடாது, கையால் குறிப்பு எடுக்கலாம் என்பது விதி. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். அந்த மாணவி கெட்டிக்காரி. பெண்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதியிருந்தாள். பேர் சொல்ல விரும்பாத ஒரு பெண்ணிடம் அவள் கேட்கிறாள்: பஸ் நிற்காமல் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?

எனக்குத் திரும்பி வந்த அத்தியாயமே இந்தக் கேள்விதான். பதிலை எழுத ஆரம்பித்தேன். ‘நிக்கல்லேன்னா’ என்று முதல் சொல்லை எழுதிய நேரம் போன் அதிர்ந்தது.

“ஏட்டி ஆன்சி, பிள்ளைக்கு மேலு சுடுது. பனி போல இருக்கு. வாறியா?”

காய்ச்சலை நாங்கள் பனி என்போம். பேனாவை மூடிக்கொண்டு எழுந்தேன். பக்கத்து மேசையில் ஒரு ஆய்வு மாணவி இருந்தாள். என்னைவிட இளையவள், தலையில் பிச்சிப்பூ. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “நாளைக்கும் வருவீங்களா அக்கா? அப்பம் அத மறைச்சு வச்சிட்டுப் போங்க” என்றாள்.

“மறைத்தா?”

“எல்லாரும் அப்படித்தான் செய்யுவோம். யாரும் தொடாத அலமாரியில பொறத்தால சொருவிருங்க. இல்லேன்னா நாளைக்குக் காலத்த வேற ஆளு எடுத்திரும்.”

சுவரில் அறிவிப்பு இருந்தது: படித்த நூல்களைத் தள்ளுவண்டியில் மட்டும் வைக்கவும். பள்ளிக்கூடத்திலிருந்தே அறிவிப்புகளுக்குக் கீழ்ப்படிகிறவள் நான். ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறிவிப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு வண்டியில் வைத்துவிட்டு ஓடினேன். படியில் இறங்கும்போது பின்னால் “அக்கா, அக்கா” என்று யாரோ கூப்பிட்டது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெனிக்குக் காய்ச்சல் இல்லை. மஸ்கட் ஏசிக்காக வாங்கிய தடித்த ஜாக்கெட்டைப் பொத்தான் போட்டு, மார்ச் வெயிலில் உட்கார வைத்திருந்தார் மைனி. ஜாக்கெட்டைக் கழற்றியதும் உடம்பு தணிந்துவிட்டது. அவள் கையில் ஏத்தங்காய் பஜ்ஜி. “நல்லா தின்னுது பாத்தியா” என்றார் மைனி பெருமையாக. நூலகம் மூட நேரம் இருந்தது. மறுபடி மேலே போகலாமா என்று கேட்டேன். கேட்ட நேரத்தில் கடைசி நேரடி பஸ் வந்து நின்றது. நாளைக்கு வரலாமே என்று ஏறிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை குளச்சல் பஸ் நிலையத்தில் எங்கு பார்த்தாலும் மண்டைக்காடு பஸ். இருமுடிக் கட்டோடு பெண்கள். எதிர்ப்பக்கம் போகும் பஸ்கள் காலி. உட்கார இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். துண்டு வீச வேண்டிய வேலையே இல்லாமல் மைனி சற்று ஏமாந்துபோனார்.

பல்கலைக்கழகத்தின் பெரிய கேட் சாத்தியிருந்தது. காவலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னைக்கு மண்டைக்காட்டுக் கொடைல்லா? மாவட்டத்துக்கே லீவு. நீங்க எந்த ஊரு?”

நான் அந்த மாவட்டத்தில்தான் பிறந்தேன். பள்ளிக்கூட நாளில் இந்தக் கோவில் திருவிழா விடுமுறையை மாசம் முழுக்க எண்ணிக் காத்திருந்தவள். நாலு வருடத்தில் அதுகூட மறந்துவிட்டது.

“மைனி, உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். பின்ன தெரியாதா?”

“சொல்லியிருக்கலாமே!”

“எனக்கு என்ன தெரியும்? பெரிய படிப்புக்கெல்லாம் லீவு கெடையாதுன்னு நெனச்சேன். நீ மஸ்கட்ல இருந்து கேட்டுக்கிட்டுத்தானே வந்திருப்பன்னு வச்சேன்.”

மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். சாளைக்குழம்பு. ஜெனி முள்ளில்லாத துண்டாகக் கேட்டாள். ஒவ்வொன்றாக உதிர்த்து, இரண்டாம் தடவையும் தடவிப் பார்த்துக் கொடுத்தேன். பிறகு மூன்றாம் தடவையும். “பிள்ளை தின்ன மீன விட ஒன் கையி தின்னதுதான் கூட” என்றார் மைனி. சாயங்காலம் கொடைக்குப் போய் வந்த பக்கத்து வீட்டுக்காரர் மண்டையப்பம் கொண்டுவந்து தந்தார். தலைவலி தீரப் படைக்கிற அப்பம். மைனி சிலுவை போட்டுக்கொண்டு ஒன்றைப் பிட்டு முதலில் எனக்குத்தான் நீட்டினார்.

புதன்கிழமை ஆய்வேடு இல்லை.

மூன்றாவது அடுக்கில் அது இருந்த இடத்தில் ஒரு கறுப்பு இடைவெளி. தள்ளுவண்டியில் இல்லை. மேசைகளில் இல்லை. உதவி நூலகரிடம் ஓடினேன். “அது அவைலபிள்னுதான் காட்டுது” என்று திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். திரையில் அது இருந்தது. அலமாரி எண்கூட இருந்தது. “வெளிய கொண்டு போக விடமாட்டோம். அப்பம் உள்ளதான் இருக்கணும். தேடிப் பாருங்க. அதுவரைக்கும் அந்தப் பனிக்கட்டிப் பதனம் படிச்சீங்களா?”

பூ வைத்த மாணவியின் நாற்காலியும் காலியாக இருந்தது. “ஷைனியா? கொடைக்கு ஊருக்குப் போயிருக்கா. வெள்ளிக்கிழமதான் வருவா” என்றான் பக்கத்தில் இருந்த மாணவன். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். எனக்குப் பாடம் சொன்னவள் அவள். நான் வண்டியில் வைத்ததைப் பார்த்தவளும் அவள்தான். அவளுக்கும் அது தேவைப்பட்டிருக்கும். சொருகி வைத்துவிட்டு நிம்மதியாகத் திருவிழாவுக்குப் போயிருக்கிறாள்.

தேட ஆரம்பித்தேன். ஒவ்வொரு அலமாரியாக முன்வரிசையை விலக்கிப் பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். அந்த நூலகத்தில் எத்தனை ஒளிவுகள்! தத்துவத்துக்குப் பின்னால் கணக்கியல். அகராதிகளுக்குப் பின்னால் போட்டித் தேர்வு வழிகாட்டி, ஒரு பேருந்துச் சீட்டு அடையாளத்தோடு. சட்டத்துக்குப் பின்னால் கர்ப்பகாலப் பராமரிப்பு. யாரோ ஒருத்தி அதை எல்லாருக்கும் தெரியும்படி மேசையில் விரித்துப் படிக்க வெட்கப்பட்டிருக்கிறாள். அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு வருவேன் என்று நினைத்த ஒருவர் இருக்கிறார். நான் ஒருத்திதான் நாளைக்கு வருவேன் என்று தெரிந்தும் வண்டியில் வைத்துவிட்டுப் போனவள். மறைத்து வைத்திருக்கலாமோ? வைத்திருந்தால் வேறொருத்தி இப்படித் தேடிக்கொண்டிருப்பாளோ? கை முழுக்கத் தூசி. ஜெனிக்குச் சோறு ஊட்டும் முன் இரண்டு தடவை சோப்புப் போட்டேன்.

அன்று திரும்பும்போதும் ஒரு பஸ் நிற்காமல் போனது. ‘நிக்கல்லேன்னா’ என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண் பிறகு என்ன சொல்லியிருப்பாள்? நடந்தே போவேன் என்றிருப்பாளா? மறிப்போம், கல்லெடுத்து எறிவோம் என்றிருப்பாளா? அடுத்த ஊர் அம்மாக்களோடு சேர்ந்து டெம்போ பிடிப்போம் என்றா? ஒவ்வொரு பதிலுக்கும் மனதுக்குள் ஒரு அத்தியாயம் எழுதினேன். டெம்போ பதில்தான் என் வாதத்துக்கு நன்றாகப் பொருந்தியது. அதுவாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை இரண்டாம் மாடியில் ஒரே இரைச்சல். கடைசி வரிசையில் இருந்த பழைய வேதியியல் தொகுதிகளை ஆட்கள் சாக்கில் அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். செங்கல் போல பழுப்பு அட்டைகள், யாரும் திறந்து பார்த்தே இராத வரிசை. அந்த இடத்தில் கணினிகள் வரப்போகின்றனவாம். நான் அதற்கு எதிர் அலமாரிவரை தேடி வந்திருந்தேன்.

“கொறச்சு மாறுங்க அக்கா” என்றார் சாக்கு சுமந்தவர்.

நாற்காலியை இழுத்து வழி விட்டேன். “மெதுவா அண்ணே, தூசி” என்று சேலைத்தலைப்பால் மூக்கையும் பொத்திக்கொண்டேன். இடம் காலியானால் தேட வெளிச்சம் வருமே என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூட இருந்தது.

மத்தியானம் கேண்டீனில் ஜெனிக்கு ரசவடையைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தபோது சாக்குகள் ஏற்றிய டெம்போ எங்களைக் கடந்து போனது. ஜெனி அதற்கு டாட்டா காட்டினாள். ஓட்டியவர் ஹார்ன் அடித்துப் பதில் சொன்னார். “நம்ம பிள்ளைக்கு எல்லாரும் கூட்டுதான்” என்றார் மைனி.

நெறியாளருக்குப் போன் செய்தேன். “அது இல்லாம அனுப்பாதே ஆன்சி. மறுபடியும் திருப்பித்தான் விடுவாங்க. நான் கேக்க வேண்டிய இடத்துல எல்லாம் கேட்டுட்டேன்” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறது என்று நம்பியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை ஷைனி வந்தாள். தலையில் புதுப் பிச்சிப்பூ, கையில் ஒரு பொட்டலம். இரண்டு நாளாக அவளிடம் பேச வேண்டியதை எல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

“அக்கா, பொஸ்தகம் கெடச்சுதா? பிள்ளைக்குப் பனி கொறஞ்சுதா?”

“எந்தப் புத்தகம்?”

“உங்களுக்க பச்ச அட்டதான். நீங்க வண்டியில வச்சிட்டு ஓடுனீங்கல்லா? ஐயோ, இந்த அக்கா பிள்ளையும் கொண்டு கெடந்து கஷ்டப்படுது, நாளைக்கு வேற ஆளு எடுத்திருமேன்னு நான்தான் எடுத்து மாத்தி வச்சேன். சொல்லியதுக்கு எத்தன தடவ கூப்பிட்டேன். நீங்க திரும்பவே இல்ல. சரி, தேடுனா கெடைக்கும்னு வச்சேன். பஸ்சுல துண்டு போடுத மாதிரிதானே.”

“எங்கே வைத்தாய்?”

கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் எனக்கு முன்னால் நடந்து கடைசி வரிசைக்குப் போனாள். அங்கே கழுவிய தரையும், சுவரில் அலமாரி நின்ற தடமும் இருந்தன.

“இங்கனதான்...” என்றாள். “யாரும் தொடாத அலமாரி இதுதானே அக்கா.” பொட்டலம் அவள் கையிலேயே இருந்தது. அவளுடைய ஊர்க் கொடைப் பலகாரம், எனக்காகக் கொண்டுவந்தது.

சாக்குகள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கிட்டங்கியில் என்றார் உதவி நூலகர்; அவரும் ஷைனியும் நானும், கேண்டீனிலிருந்து ஜெனியைத் தூக்கிக்கொண்டு மைனியும் அங்கே ஓடினோம். பெரிய பூட்டு. ஜன்னல் கம்பி வலை வழியாகப் பார்த்தால் சாக்குகள் கூரைவரை அடுக்கியிருந்தன. எதற்குள் இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அந்த வலைக்கு அந்தப்பக்கம்தான் இருக்கிறது. சாவி பொறுப்பாளரிடம். பொறுப்பாளர் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வருவார். உதவி நூலகர் அவருக்கு விடாமல் போன் போட்டார்; எடுக்கவில்லை.

“ஓய், அந்தப் பூட்ட ஒடையும்” என்றார் மைனி காவலாளியிடம்.

“ஒடைச்சா என் வேலை போவும் அம்மா.”

“இவளுக்க ஆறு வருஷம் போவுது, ஒமக்கு வேலையா?” மைனியின் குரல் உடைந்தது. அவர் எனக்காக அழுவார் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. நான் அழவில்லை. ஜெனி வலைக்குள் விரலை விட்டு, “சாக்கு, சாக்கு” என்று எண்ணிக்கொண்டிருந்தாள். விரலில் கம்பி குத்திவிடுமே என்று அவள் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஷைனி அழுதாள். “நான் தொடாம இருந்திருந்தா அங்கனயே இருந்திருக்கும்லா அக்கா?”

இருந்திருக்கும். இல்லாமலும் போயிருக்கும். அவளைத் திட்ட அடுக்கி வைத்த சொற்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. நல்லது செய்தவளைத் திட்ட எனக்குத் தெரியாது. “நீ என்ன செய்வாய்” என்றேன். அப்படிச் சொன்னது பெருந்தன்மையா, களைப்பா என்று இன்றுவரை தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மைனி துண்டு வீசவில்லை. நின்றுகொண்டே வந்தோம். கருங்கல் தாண்டியதும் யாரோ ஒருவர் எழுந்து, குழந்தையை வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். ஷைனி கொடுத்த பொட்டலத்தை அப்போதுதான் பிரித்தேன். முந்திரிக்கொத்து. நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை நெறியாளரிடம் அத்தியாயம் இல்லை என்று சொன்னேன். “குழந்தையை நல்லாப் பாத்துக்கோ” என்றார். ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரம் விமான நிலையத்தில் மைனி ஜெனிக்கு முத்தம் கொடுத்துவிட்டு என்னிடம், “அடுத்த வருஷம் வந்து படி” என்றார். பதிவு காலாவதி என்றால் என்ன என்று அவருக்கு விளக்கவில்லை. விளக்கினால் நானும் கேட்க வேண்டியிருக்கும்.

மஸ்கட் வந்து ஒன்றரை வாரம் ஆகியிருக்கும். என் பல்கலைக்கழகத்திலிருந்து பதிவு ரத்தான கடிதம் மின்னஞ்சலில் வந்துவிட்டது. அதன் பிறகு ஒரு பகல், ஜெனிக்குத் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது போன் விடாமல் ஒலித்தது. ஷைனி. கிட்டங்கி வாசலில் என் எண்ணை வாங்கி வைத்திருந்தவள், சாக்குகளைப் பிரித்துத் தேடி ஆய்வேட்டை எடுத்துவிட்டாள். விதியை மீறி, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். சில பக்கங்களில் அவள் பெருவிரல் தெரிந்தது, நகத்துக்குள் தூசி. கடைசியில் ஒரு குரல் செய்தி: “முழுசும் இருக்கு அக்கா. ஒரு பக்கம்கூட போவல்ல.” என் பதிவு ரத்தானது அவளுக்குத் தெரியாது. நல்லது, நன்றி என்று எழுதினேன்.

அந்தப் பக்கத்தைத் தேடினேன். பஸ் நிற்காமல் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி. அதன் கீழே, பேர் சொல்ல விரும்பாத பெண்ணின் பதில், நான் எழுதி நிறுத்திய சொல்லில் ஆரம்பித்தது.

‘நிக்கல்லேன்னா நிக்கல்ல. மீனு அழுவிப் போவும். வேற என்ன செய்யியதுக்கு இருக்கு?’

அவ்வளவுதான். அடுத்த கேள்வி ஐஸ் பற்றியது.

மறுபடி படித்தேன். இந்தப் பதிலை அத்தியாயத்தின் தொடக்கத்தில் வைப்பதா, முடிவில் வைப்பதா என்று யோசித்துக்கொண்டே பேனாவைத் தேடினேன். ஜெனி, “அம்மா, கண்ணுல தண்ணி” என்றாள். அவள் கண்ணில் சொட்டிக்கொண்டிருந்த முடியைத் துவட்டியபோதுதான், எழுதுவதற்கு அத்தியாயமே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.